புளோவர் பென்ட்லி: ஜெயிக்காத காருக்கு ஏன் இத்தனை புகழ்?

பழைய இரும்பு: எங்கே பார்த்தாலும் புளோவர் புராணம்தான். சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) பூட்டிய பென்ட்லி காருக்குத்தான் இந்தப் பெயர். பென்ட்லி கம்பெனி பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை 1924-லும், பிறகு 1927 முதல் 1930 வரை வரிசையாக நான்கு முறையும் ஜெயித்தது. ஐந்தில் ஒன்றுகூட புளோவருடையது இல்லை. 1929-லும் 1930-லும் ஜெயித்தது சூப்பர்சார்ஜர் இல்லாத, பெரிய எஞ்சின் பென்ட்லியான ஸ்பீட் சிக்ஸ். 1928, 29, 30 மூன்றிலும் ஓட்டி மூன்றிலும் ஜெயித்தவர் வூல்ஃப் பர்னாட்டோ. ஆனால் மாலை விழுவதென்னவோ புளோவரைக் கொண்டுவந்த ஓட்டுநர் டிம் பர்கின் கழுத்தில்!

கிராங்க் ஷாஃப்ட்: 1924 கணக்கை எல்லாம் ஏன் சேர்க்கிறீர்கள்? புளோவர் களத்துக்கு வந்ததே 1929-இல். லெ மானில் ஓடியது 1930-இல்தான்.

பழைய இரும்பு: சரி, 1930-ஐயே எடுத்துக்கொள்வோம். ஓடிய இரண்டு புளோவரும் பாதியில் நின்றன. முதல் இரண்டு இடமும் ஸ்பீட் சிக்ஸுக்கு. கம்பெனியைத் தொடங்கிய டபிள்யூ.ஓ. பென்ட்லிக்கு சூப்பர்சார்ஜரே பிடிக்காது. வேகம் வேண்டுமா, எஞ்சினைப் பெரிதாக்கு என்பதுதான் அவர் கொள்கை. பர்கின் கேட்கவில்லை. பணக்கார வாரிசு டோரதி பேஜெட்டின் பணத்தில் தனி அணி, பொறியாளர் ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸின் சூப்பர்சார்ஜர். லெ மான் விதிக்காக கம்பெனி 50 கார் செய்து விற்க வேண்டி வந்தது. 1931-இல் கம்பெனியே திவால். அதற்கு உலகப் பொருளாதார மந்தமும் காரணம், ஒத்துக்கொள்கிறேன்.

கிராங்க் ஷாஃப்ட்: அந்த 1930 பந்தயத்தில் என்ன நடந்தது என்பதை விட்டுவிட்டீர்களே. ஜெர்மன் ஓட்டுநர் கராச்சியோலாவின் மெர்சிடிஸ் எஸ்எஸ்கே முன்னால் போகிறது. அதன் சூப்பர்சார்ஜர் எப்போதும் வேலை செய்யாது, ஆக்ஸிலரேட்டர் பெடலை முழுக்க மிதித்தால்தான் எஞ்சினோடு சேரும். எஞ்சின் தாங்க வேண்டுமே, அதனால் அளவாகத்தான் மிதிப்பார்கள். பர்கின் புல்லில் சக்கரத்தை இறக்கி, டயர் பிய்ந்து பறக்க, அவரைத் தாண்டினார். பின்னால் இப்படி ஒருவர் விரட்டினால் எப்படி அளவாக மிதிப்பது? இரவிலேயே மெர்சிடிஸ் நின்றுவிட்டது. ஸ்பீட் சிக்ஸுக்கு வழி விட்டது யார்?

மூணாவது கியர்: ஒரு சின்ன இடைச்செருகல். இருட்டியபின் மெர்சிடிஸை விரட்டியதில் ஸ்பீட் சிக்ஸுக்கும் பங்கு உண்டு. முழுப் புண்ணியத்தையும் பர்கினுக்கு எழுதிவிடாதீர்கள். அவர் அணியின் தந்திரமாக ஓட்டினாரா, தன் சுபாவப்படி ஓட்டினாரா என்பதும் இன்றுவரை தீராத வழக்கு.

பழைய இரும்பு: சுபாவம் என்றுதான் நான் சொல்வேன். 24 மணி நேரப் பந்தயத்தில் தொடக்கத்திலேயே டயர் பிய்கிற மாதிரி ஓட்டுவது தந்திரமா?

கிராங்க் ஷாஃப்ட்: லெ மானை விடுங்கள். அதே 1930-இல் போ நகரில் பிரெஞ்சு கிராண்ட் பிரி. சின்ன, லேசான புகாட்டிகள் கூட்டமாக நிற்க, நடுவே மட்கார்டையும் விளக்கையும் கழற்றிப்போட்ட பர்கினின் புளோவர். எத்தான்செலானின் புகாட்டிக்கு அடுத்து இரண்டாவதாக வந்தது. 1932-இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்தில் ஒற்றை இருக்கை புளோவரில் மணிக்கு 137.96 மைல், கிட்டத்தட்ட 222 கிலோமீட்டர், சுற்றுச் சாதனை! இதற்குமேல் ஒரு காரிடம் என்ன கேட்பீர்கள்?

பழைய இரும்பு: முதல் இடம்.