சீனத்துக் கருந்தேயிலை: இந்த மண்வாசம் இயல்பா, கெட்டுப்போனதா?

லயத்துப்பையன் (மூணாறு):
தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவன் கேட்கிற கேள்வியா இது என்று சிரிக்காதீர்கள். சிங்கப்பூர் சித்தப்பா போன மாதம் வந்தபோது பு-எர் என்ற சீனக் கருந்தேயிலையை அழுத்திச் செய்த வட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். வறட்டி மாதிரி தட்டையாக இருக்கிறது, 357 கிராம், உறையில் எல்லாம் சீன எழுத்து, எனக்குப் புரிந்தது 7572 என்ற எண் மட்டும். நம் வீட்டுத் தூள் போல நினைத்து ஒரு ஸ்பூன் உடைத்துப் போட்டு, கொதிக்கவிட்டு, பாலும் சர்க்கரையும் சேர்த்தேன். மழைக்காலம் முழுக்கப் பூட்டிக்கிடந்த லயத்து வீட்டைத் திறந்தால் ஒரு வாசம் வருமே, அதேதான். லேசாகக் கருவாடும். பீரோவில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன், அதனாலா?

குமுளிக்காரன்:
தம்பி, பூஞ்சைதான். மஞ்சளாகப் புள்ளி இருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடு. நம் கட்டன் சாயா இருக்க இதெல்லாம் எதுக்கு?

ரோலர் ரூம் (வண்டிப்பெரியார்):
அவசரப்படாதீங்க. நான் டீ ஃபேக்டரியில் 22 வருஷம் இருந்தவன். நாங்கள் அங்கே ஃபெர்மெண்டேஷன் என்று சொல்வது உண்மையில் நொதிப்பே இல்லை. நசுங்கின இலையில் காற்றுப் பட்டு, இலையிலேயே உள்ள என்சைமால் நிறம் மாறுகிறது, ஒன்றரை மணி நேரத்துக்குள் டிரையருக்குப் போய்விடும், கிருமிக்கு அங்கே வேலை கிடையாது. கருந்தேயிலையில்தான் நிஜமாகவே பூஞ்சையும் பாக்டீரியாவும் வேலை செய்கின்றன. பு-எர் செய்யும் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் வெயிலில் காய்ந்த இலையை அம்பாரமாகக் குவித்து, தண்ணீர் தெளித்து மூடி, சூடேற ஏற கிளறிவிட்டு, ஒன்றரை மாதத்துக்கும் மேல் வைப்பார்கள், கிட்டத்தட்ட எருக்குழிக் கணக்குதான். பல வருஷம் கிடந்து பழுக்க வேண்டியதைச் சீக்கிரம் பழுக்கவைக்க 1973-இல் குன்மிங் ஆலையில் உருவான முறை இது. அந்தக் கருவாட்டு வாசம் குவியலின் மிச்சம், காற்றாட வைத்தால் போய்விடும். 7572-இல் 75 என்பது அந்தக் கலவை உருவான 1975, 7 இலைத் தரம், கடைசி 2 ஆலையின் எண். 1975-இல் செய்த வட்டு என்று எவனாவது விலை சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

குமுளிக்காரருக்கு: மஞ்சள் புள்ளி என்றாலே கெடுதல் என்று இல்லை. ஹூனான் மாகாணத்து ஃபூ செங்கல் தேயிலையில் அதை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள், தங்கப்பூ என்று பெயர், அது நிறைய இருந்தால்தான் மதிப்பு. பு-எரில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பஞ்சு மாதிரி படர்ந்திருந்தால் தூக்கிப் போடலாம்.

கொழிஞ்சாம்பாறை அக்கா:
பாலை ஊற்றிவிட்டு ருசி எங்கே என்று கேட்டால் எப்படிப்பா? 5 கிராம் எடு, கத்தி முனையால் ஓரத்திலிருந்து பிரித்து எடு, பொடித்துவிடாதே. கொதிக்கிற தண்ணீர் ஊற்றி உடனே வடித்துக் கொட்டு, இரண்டு தடவை. அப்புறம் 100 மில்லி ஊற்றிப் பத்தே விநாடியில் வடி. மறுபடி ஊற்று, மறுபடி. முதல் இரண்டு கோப்பையில் மண்தான் தெரியும், எனக்கு நெல் ஊறப்போட்ட தொட்டி ஞாபகம்தான் வரும். நாலாவதில் கருப்பட்டி மாதிரி ஒரு இனிப்பு எட்டிப் பார்க்கும், துவர்ப்பே இருக்காது, தொண்டையில் கஞ்சி போல வழுவழுவென்று இறங்கும். இதில் தேட வேண்டியது அந்த வழுவழுப்பைத்தான், வாசனையை இல்லை. நாக்கில் புளித்தாலோ தொண்டை அரித்தாலோ ஈரத்தில் கெட்டது என்று அர்த்தம். முதலில் அந்தத் தைலத்தை வேறு அறைக்கு மாற்று!

மலாயாவில் நம் ஆட்கள் ரப்பர் பால் வெட்டிய காலத்தில், பக்கத்து வெள்ளீயச் சுரங்கத்துச் சீனர்கள் குடித்தது சீனாவின் குவாங்ஷி பகுதியில் விளையும் லியு பாவ், இதுவும் கருந்தேயிலைதான். உங்கள் சித்தப்பாவிடம் அடுத்த தடவை அதைக் கேள்.

லயத்துப்பையன்:
அக்கா, வட்டைப் பத்து நாள் காகிதப் பையில் காற்றாட வைத்து, நீங்கள் சொன்னபடி போட்டேன். கருவாடு போயே போச்சு. கருப்பட்டி எனக்கு ஐந்தாவதில்தான் வந்தது, தைலம் மட்டும் இன்னும் லேசாக அடிக்கிறது. அம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர், கோப்பையைத் தொடவே இல்லை, வடித்த சக்கையை உள்ளங்கையில் விரித்துப் பார்த்துவிட்டு, "இத்தனை முத்தல் இலை என் கூடையில் இருந்திருந்தா கங்காணி அன்னிக்குப் பேரே போட்டிருக்க மாட்டார்" என்றார்.