ராமநாதபுரம் குதிரைக்காரர்கள் குரூப்

தேவிபட்டினம் தம்பி: அண்ணே, மட்டக்குதிரைக்குக் குளம்பு சூடா இருக்கு, நடக்கத் தயங்குது. டாக்டர் பாத்துட்டு லேமினைட்டிஸ், அதாவது குளம்புக்குள்ள வீக்கம்னாரு. காய்ஞ்ச புல்லை ஊறவச்சுப் போடச் சொல்றாரு. ராத்திரியே ஊறப்போட்டுக் காலைல போடவா?

மண்டபம் அண்ணன்: வேணாம் தம்பி. நம்ம வெக்கைக்கு விடியுறதுக்குள்ள புளிச்சு நாத்தமெடுத்துரும். பச்சத்தண்ணின்னா ஒரு மணி நேரம், வெதுவெதுப்புன்னா அரை மணி. இந்த நோவுக்குச் சர்க்கரை ஆகாது, புல்லுல இருக்கற சர்க்கரை கரைஞ்சு இறங்க அது போதும்.

மண்டபம் அண்ணன்: கொக்கித் தராசுல காய்ஞ்சபடியே நிறுங்க. 200 கிலோ மட்டக்குதிரைக்கு நாளைக்கு 3 கிலோ. நனைஞ்சப்புறம் நிறுத்தா தண்ணி எடையும் சேந்து குதிரைக்குப் புல் கொறஞ்சு போகும். பட்டினி மட்டும் போட்டுறாதீங்க, மட்டக்குதிரைக்கு ரத்தத்துல கொழுப்பு ஏறி உயிருக்கே வந்துரும்.

கீழக்கரை காக்கா: வேளைக்கு 1 கிலோவா பிரிச்சுக்க. பாதியா வெட்டுன நீல டிரம் தோது, 20 லிட்டர் ஊத்து. கட்டை அவுத்து உதறிப் போடணும், இல்லேன்னா நடுப்புல் நனையாது. மிதக்காம மேல கல்லு வை. பழைய மீன்வலைல கட்டி முக்குனா எடுக்க லேசு, உப்புப் போக அலசிக்க. ஆனா வலையோட தொங்கவிடாத, லாடம் மாட்டிக்கும்.

தேவிபட்டினம் தம்பி: எங்க கெணறு உப்புக் கரிக்குது காக்கா.

கீழக்கரை காக்கா: அப்ப வேணாம், மோந்து பாத்துட்டு ஒதுக்கிரும். அது குடிக்கிற நல்ல தண்ணிலயே ஊறப்போடு.

பனைக்குளம் அக்கா: எங்க குதிரைக்கு இருமல் மட்டும்தான். அதுக்கும் ஒரு மணி நேரமா?

மண்டபம் அண்ணன்: 10 நிமிஷம் முங்குனா போதும்க்கா, தூசி அடங்கிரும். மேல தெளிச்சா பத்தாது. ஈரத்தோடயே திங்கணும், காய்ஞ்சா திரும்பத் தூசி பறக்கும். பூஞ்சை புடிச்ச புல்லை ஊறவச்சாலும் ஆகாது, தூக்கிப் போட்டுருங்க.

பனைக்குளம் அக்கா: வடிச்ச தண்ணி?

கீழக்கரை காக்கா: இறங்குன சர்க்கரை அதுலதான் இருக்கு, குதிரை வாய் வைக்க விடாதம்மா. ஊரணிப் பக்கமும் ஊத்தாத, தண்ணி கெட்டு மீன் மூச்சுத் திணறிச் சாகும். தென்னந்தூர்ல ஊத்து.

கால்நடை டாக்டர்: ஒண்ணு சேத்துக்கங்க. எவ்வளவு சர்க்கரை இறங்கும்னு புல்லுக்குப் புல் மாறும். ஊறவச்சாச்சேன்னு வெல்லம், தவிடு கொடுத்துறாதீங்க. பொட்டாசியம், பாஸ்பரஸ், மெக்னீசியமும் கரையும், அதனால குதிரைக்குன்னு விக்கிற தாதுக் கலவை வேணும். மாட்டுத் தீவனம் கூடவே கூடாது, அதுல மோனன்சின்னு மாட்டுக்குச் சேக்குற மருந்து இருந்தா குதிரை செத்துரும்.

தேவிபட்டினம் தம்பி: சரிங்க சார். மிச்சம் வச்சா மத்தியானத்துக்குப் போடலாமா?

கால்நடை டாக்டர்: கூடாது. ஈரப்புல் இந்த வெயில்ல சீக்கிரம் கெட்டுரும். ஒதுக்குனதை அள்ளிட்டு, டிரம்மையும் வலையையும் தேச்சுக் கழுவி வெயில்ல கவுத்து வைங்க.