பெங்களூரிலிருந்து சென்னை வந்த பியானோ: எப்போது ட்யூன் செய்வது?

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவின் பழைய அப்ரைட் பியானோவைப் போன வாரம் பெங்களூரிலிருந்து சென்னைக்குக் கொண்டுவந்தோம். கிளம்பும்போது சுருதி சுத்தமாக இருந்தது. இப்போது நடு ஆக்டேவில் ஒரு கட்டையை அழுத்தினால், அதற்குரிய 3 கம்பிகளும் ஒன்றோடொன்று சேராமல் 'வாவ்... வாவ்...' என்று அலையடிக்கிறது. சுருதி காட்டும் ட்யூனர் கருவியை வைத்துப் பார்த்தேன். 440 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய 'ஏ' ஸ்வரம், 443-க்கு ஏறியிருக்கிறது.

லாரி குலுக்கலைவிட இந்தக் கடற்கரை ஈரம்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஒலியைப் பெருக்கும் பலகையான சவுண்ட்போர்டின் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பினால், அதன் மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் என்ற மரத்துண்டைத் தள்ளி, கம்பிகளை இன்னும் இறுக்குமே. மொத்தம் 200-க்கு மேல் கம்பிகள், டன் கணக்கில் இழுவிசை. பாவம், மரம் என்ன செய்யும்!

மரம் புது இடத்துக்குப் பழக 2, 3 வாரம் விட வேண்டும் என்கிறார்கள். மகளுக்கு அடுத்த மாதம் தேர்வு. இப்போதே ட்யூன் செய்தால் நிற்குமா? இரவில் மட்டும் ஏசி போடும் அறையில் வைக்கலாமா, அல்லது ஏசியே இல்லாத ஹால் மேலா? அப்புறம், சென்னையில் பழைய பியானோவைப் பொறுமையாகப் பார்த்து ட்யூன் செய்பவர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.