ஹைட்ல (பறவை கண்ணுல படாம ஒளிஞ்சு உட்காருற கொட்டகை) எடுக்குற குருவிப் படமெல்லாம் மசமசன்னு வருது, லென்ஸ் கோளாறா?

குன்னூர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல, சோலையை ஒட்டி தோட்டக்காரர் பலகைக் கொட்டகை ஒண்ணு போட்டு வெச்சிருக்கார். முன்பக்கம் நீளமா ஒரு திறப்பு, வெளியே தண்ணித் தொட்டி, பாசி படிஞ்ச ரெண்டு கிளை. காலையில போய் உட்கார்ந்தா கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான், நீலகிரி ஈப்பிடிப்பான், வெள்ளைக்கண்ணிக் கூட்டம் எல்லாம் ஆறேழு மீட்டர் பக்கத்துலயே வருது. சோலைக்கிளியும் (பேர்தான் கிளி, தரையோரம் திரியுற சின்னக் குருவி) சில நாள் தலை காட்டும்.

ஆனா படம்தான் தேறல. 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ், கிராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமரா, ட்ரைபாட். அப்பெர்ச்சர் எஃப் 6.3, ஷட்டர் 1/500 செகண்ட், ஐஎஸ்ஓ 6400. ஃபோகஸ் பாயின்ட் சரியா கண்ணு மேலதான் நிக்குது. பெரிசு பண்ணிப் பார்த்தா ஒரு இறகு பிரிஞ்சு தெரியல. சோலைக்கிளி விலா என்ன நிறம்னுகூடச் சொல்ல முடியல. இதே லென்ஸ்ல மத்தியானம் வீட்டு வாசல்ல கொண்டைக்குருவியை எடுத்தா மீசை வரைக்கும் எண்ணிடலாம்!

கோவையில ஒரு சர்வீஸ் கடையில காட்டினேன். ஒரு படம்கூட எடுத்துப் பார்க்காமலேயே, "ஃபோகஸ் அட்ஜஸ்ட் பண்ணணும், விட்டுட்டுப் போங்க"ன்னாங்க. கொடுக்கலாமா?

சோலைப்பித்தன்:
கொடுக்காதீங்க. மொதல்ல முன்னாடி மாட்டின யூவி ஃபில்டரைக் கழட்டுங்க. அந்த லென்ஸுக்கு மலிவு ஃபில்டர் எமன். ட்ரைபாட்ல ஸ்டெபிலைசேஷனையும் (லென்ஸோட நடுக்கத் தடுப்பு) ஆஃப் பண்ணிப் பாருங்க. திறப்புல வலை கட்டியிருந்தா அதையும் விலக்குங்க, வலை வழியா எடுத்தா கான்ட்ராஸ்ட் செத்துடும்.

குன்னூர்க்காரி:
ஃபில்டர் மாட்டுறதே இல்லீங்க. வலையும் கிடையாது. ஸ்டெபிலைசேஷனை ஆஃப் பண்ணியும் அதே கதைதான்.

கொடை வாத்தியார்:
அம்மா, மத்தியானம் வீட்டில் நன்றாக வருகிறது, காலையில் கொட்டகையில் மட்டும் கெடுகிறது என்றால் லென்ஸ் மேல் பழி போடவே முடியாது. ஃபோகஸ் தள்ளிப்போயிருந்தால் இரண்டு இடத்திலும் தள்ளித்தான் இருக்கும். ஒன்று கேட்கிறேன்: உள்ளே குளிருக்குக் கணப்பு ஏதாவது வைக்கிறீர்களா?

குன்னூர்க்காரி:
ஆமா சார். வாட்ச்மேன் அண்ணன் கரிச்சட்டி வெச்சுடுவார், அதுவும் எங்க காலடியில. ஜனவரிக் குளிர்ல அது இல்லன்னா ஷட்டரை அமுக்க விரல் மடங்காது. அதுக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்?

கொடை வாத்தியார்:
சம்பந்தமே அங்கேதான். உள்ளே சூடான காற்று, வெளியே உறைபனிக் குளிர். சூட்டுக்குக் கொட்டகையில் இருக்கும் ஒரே வழி உங்கள் லென்ஸ் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் திறப்புதான். லென்ஸ் முகத்தை உரசிக்கொண்டுதான் அது வெளியேறும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும் இடத்தில் ஒளி கோணிப் போகிறது. அடுப்புக்கு மேலாகப் பார்த்தால் எதிர்ச்சுவர் நெளியுமே, அதையேதான் 600 மில்லிமீட்டரில் பார்க்கிறீர்கள். ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் தீராது, நெளிந்த பிம்பத்தைத்தான் கேமரா உறைய வைக்கும். ஆட்டோஃபோகஸும் அதில் ஏமாந்து முன்னே பின்னே போகும்.

நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். பறவை இல்லாத நேரத்தில் அந்தப் பாசிக்கிளையை லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், பத்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். காற்றே அடிக்காதபோதும் பாசியின் ஓரம் நீந்தினால் அது காற்றின் வேலை. மேனுவல் ஃபோகஸில் வைத்துத் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்தால் இன்னும் தெளியும். ஒன்று கூர்மையாகவும் அடுத்தது குழம்பியும் மாறி மாறி வந்தால் சூட்டு நெளிவு. பத்தும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால்தான் கடைக்காரர் சொன்னதை யோசிக்க வேண்டும். பின்னணியையும் கவனியுங்கள்: வழுவழுவென்று கரைய வேண்டிய இலைகள் இரட்டைக் கோடாகத் தெரியும்.

சட்டியை எடுத்த பிறகும் லென்ஸை அரைமணி நேரம் வெளியே குளிர விடுங்கள். சூடான லென்ஸில், முன்னால் மாட்டும் ஹூடு என்ற குழலுக்குள்ளேயே வெதுவெதுப்பு தேங்கும்.

சோலைக்கிளி விலாவைப் பற்றிச் சொன்னீர்கள். உங்கள் நீலகிரிப் பறவைக்கு விலாவில் செம்பழுப்பு இருக்கும். எங்கள் பழனி மலைப் பறவைக்கு விலா நீலச்சாம்பல், நடுவயிறு வெள்ளை. நடுவில் பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது, இரண்டும் வேறு வேறு இனம். 2017இல்தான் இவற்றை ஷோலிகோலா என்று தனிப் பேரினமாக வைத்தார்கள். உங்கள் ஊர்ப் பறவை அழியும் ஆபத்தில் உள்ள பட்டியலில் இருப்பது. படம் தெளிவாக வந்தால் பதிவு செய்து வையுங்கள்.

ஊட்டி நர்ஸ்:
படம் கிடக்கட்டும், நான் சொல்றதை மொதல்ல கேளுங்க. பலகைக் கொட்டகைக்குள்ள கரிச்சட்டியா? காத்து வர்றது அந்த ஒரு திறப்புலதான்னு வேற சொல்றீங்க. கரிப்புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, கிறக்கம்னு தொடங்கும், எழுந்து வெளியே போகணும்னு தோணறதுக்குள்ள கால் விழுந்துடும். குளிருக்குக் கரியை மூட்டிட்டு அறைக்கதவைச் சாத்தித் தூங்கினவங்க காலையில எழுந்திருக்காத செய்தி நம்ம மலையில புதுசா என்ன? வாட்ச்மேன்கிட்டயும் சொல்லுங்க, அவர் தினம் அதுக்குள்ளதானே இருக்கார்.

சோலைப்பித்தன்:
வாத்தியார் சொன்னது எனக்குத் தோணவே இல்ல, சபாஷ்.
இன்னொண்ணு, கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் ஆணுக்கு மட்டும். தலை கருப்பா இருக்கேன்னு கேமரா எக்ஸ்போஷரைக் கூட்டிடும், நெஞ்சு ஆரஞ்சுல சிவப்புச் சேனல் நிரம்பி வழிஞ்சுடும். அப்புறம் ஃபோகஸ் எவ்வளவு சரியா இருந்தாலும் நெஞ்சு பிளாஸ்டிக் மாதிரிதான் தெரியும். எக்ஸ்போஷரை மைனஸ் 2/3 வெச்சு, ஹிஸ்டோகிராம்ல (வெளிச்ச அளவு காட்டுற வரைபடம்) சிவப்பை மட்டும் தனியா பாருங்க.

குன்னூர்க்காரி:
சார், இன்னிக்கு பார்த்துட்டேன். சட்டி இருக்கும்போது லைவ் வியூவில பாசி அப்படியே அலையடிக்குது! அண்ணன் சட்டியை வெளியே தூக்கிட்டுப் போனதும் கொஞ்சம் கொஞ்சமா அடங்கிச்சு. அப்புறம் வந்த பெண் ஈப்பிடிப்பான், தலையில ஆலிவ் பழுப்பு, கண்ணைச் சுத்தின முடி வரைக்கும் தெரியுது. லென்ஸ் கடைக்குப் போகல.

நர்ஸ் அக்கா, அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். "தினம் பத்து மணிக்கு மேல தலைவலிக்கும், பனின்னு நெனச்சேன்"ங்கிறார். இப்ப ஃபிளாஸ்க்ல டீ, கையில விரல் வெட்டின கம்பளி உறை.

இன்னொரு சந்தேகம். சோலைக்கிளி வெளியே வர மாட்டேங்குது, ஃபோன்ல அதோட குரலைப் போடலாம்னு கூட வர்ற பையன் சொல்றான்.

கொடை வாத்தியார்:
வேண்டாம் அம்மா. தன் எல்லைக்குள் வேறொருவன் வந்துவிட்டான் என்று நினைத்து அது அலையும். ஏப்ரல், மே கூடு கட்டும் காலத்தில் இன்னும் மோசம். தரையோரம் இருட்டில் இரை தேடும் பறவை அது, தொட்டிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இலைச்சருகைக் கூட்டாமல் விட்டு வையுங்கள், தானாக வரும். பையனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

சோலைப்பித்தன்:
திரும்பி வந்ததும் குளிர்ந்த லென்ஸைச் சமையல்கட்டுப் பக்கம் பிரிக்காதீங்க, கண்ணாடி வேர்த்துடும். பையோட ஜிப்பைத் திறக்காம ஒரு மணி நேரம் ஓரமா வெச்சுட்டு அப்புறம் எடுங்க. மெமரி கார்டை மட்டும் வெளியிலயே உருவிடுங்க, படம் பார்க்காம பொறுக்காதுல்ல.