500 சிசி டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக்குகள் ரேஸிலிருந்து ஏன் காணாமல் போயின?

புழுதிப்பயல்:
ஆர்எக்ஸ் 100 சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது பழைய மோட்டோகிராஸ் (மேடு பள்ளமான மண் டிராக்கில் ஓட்டும் ரேஸ்) வீடியோக்களில் விழுந்து கிடக்கிறேன். ஹோண்டா சிஆர்500, கவாஸகி கேஎக்ஸ்500 என்று 80களில் ஒரு கூட்டமே பறக்கிறது. இன்றைக்கு எங்கே பார்த்தாலும் 450 ஃபோர் ஸ்ட்ரோக். புகைச் சட்டம்தான் காரணம் என்கிறான் நண்பன். அவ்வளவுதானா?

மணல்வெறியன்:
தம்பி, சட்டம் வருவதற்கு முன்பே ஆட்டம் முடிந்துவிட்டது. அமெரிக்காவில் ஏஎம்ஏ (அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம்) நடத்திய 500 சாம்பியன்ஷிப் 1993-லேயே நின்றுபோனது. மைக் லராக்கோ கேஎக்ஸ்500-இல் வாங்கியதுதான் கடைசிப் பட்டம். கலிஃபோர்னியாவில் டர்ட் பைக் புகைக்குக் கெடுபிடி வந்தது 90களின் பிற்பகுதியில்தான்.

நான் இருப்பது தெற்கு கலிஃபோர்னியா. கூட வேலை பார்ப்பவர் ஒருவர் சிஆர்500 வைத்திருக்கிறார். செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது. கிக்கரை மெல்ல அழுத்தி, கம்ப்ரஷன் தட்டும் இடத்தைப் பிடித்து, அதைக் கொஞ்சம் தாண்டவிட்டு, கிக்கரை மறுபடி மேலே கொண்டுவந்து, எழுந்து நின்று மொத்த உடம்பையும் போட்டு ஒரே மிதி. பயந்து பயந்து மிதித்தால் திருப்பி அடிக்கும். பூட்ஸ் போடாத ஆளை வண்டிக்குப் பக்கத்திலேயே விடமாட்டார். கிளம்பிய பிறகுதான் வேடிக்கை: மூன்றாவது கியரில் த்ராட்டிலைக் கால்வாசி திறந்தாலே பின் டயர் மணலைத் தோண்டுகிறது. 491 சிசி ஒற்றை சிலிண்டர், வண்டி எடை ஏறக்குறைய 100 கிலோ. கணக்கு நீயே போட்டுக்கொள்.

ஜெஃப் வார்ட், ரிக்கி ஜான்சன் மாதிரி சாம்பியன் ரேஸர்கள் இதை அடக்கி ஓட்டினார்கள். ஆனால் வார இறுதியில் ஓட்டுகிற சாதாரண ஆளுக்கு 250-தான் லாயக்கு; அரை மணி நேரத்தில் கை கடுத்துவிடாது. கடையில் விற்றதும் 250-தான். கூட்டமும் காசும் ஸ்டேடியத்துக்குள் நடக்கும் சூப்பர்கிராஸுக்குப் போனது, அங்கே 500-க்கு இடமே இல்லை. சுஸுகி 80களின் நடுவிலேயே ஒதுங்கியது. யமஹா ஏர்கூல்டு ஒய்இசட்490-ஐ 1990 வரை இழுத்துக்கொண்டு வந்து விட்டுவிட்டது. ஹோண்டா 1997-இல் சிஆர்250-க்கு அலுமினியம் ஃபிரேம் கொடுத்தது, 500-க்குக் கடைசி வரை கொடுக்கவில்லை. ஆசைப்பட்டவர்கள் 250-இன் ஃபிரேமில் 500 இன்ஜினைத் தாங்களே ஏற்றிக்கொண்டார்கள். 2001-இல் சிஆர்500 நின்றது, 2004-இல் கேஎக்ஸ்500.

செயின்_ஸ்பிராக்கெட்:
அண்ணே, ஐரோப்பாவை விட்டுவிட்டீர்களே. 500 சிசி உலகப் பட்டத்தையே 1993-இல் ஜாக்கி மார்டென்ஸ் ஹஸ்க்வர்னா ஃபோர் ஸ்ட்ரோக்கில் வாங்கினார். 1995-இல் ஜோயல் ஸ்மெட்ஸ், ஹஸபெர்க் ஃபோர் ஸ்ட்ரோக்கில். ஆள் கிடைக்கவில்லை, விற்கவில்லை என்பதெல்லாம் சரி, ஆனால் 500 டூ ஸ்ட்ரோக் சொந்த கிளாஸிலேயே அடி வாங்கியதும் உண்மைதானே?

மணல்வெறியன்:
உண்மைதான், மறுக்கவில்லை. ஃபோர் ஸ்ட்ரோக்கின் இழுவை சீராக வரும், வழுக்கும் தரையில் பின் டயருக்குப் பிடிப்பு கிடைக்கும். ஆனால் அமெரிக்காவில் விதியும் கை கொடுத்தது. 250 டூ ஸ்ட்ரோக்குக்கு எதிராக 400, 450 ஃபோர் ஸ்ட்ரோக்கை நிறுத்தலாம் என்று விட்டார்கள். 1997-இல் டக் ஹென்றி லாஸ் வேகாஸ் சூப்பர்கிராஸை யமஹா ஒய்இசட்எம்400எஃப் ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஜெயித்தார். மறு வருடமே ஒய்இசட்400எஃப் கடைக்கு வந்துவிட்டது. அந்த 450-களோடு ஒரு புதுத் தலைமுறை 500 டூ ஸ்ட்ரோக்கை மோதவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாரும் செய்து பார்க்கவில்லை. எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

செலவும் சொல்ல வேண்டும். டூ ஸ்ட்ரோக்குக்குப் பிஸ்டன், ரிங் மாற்ற வீட்டு கராஜே போதும். ரேஸ் ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வு போனால் பில்லைப் பார்த்துவிட்டு உட்கார நாற்காலி தேடுவாய்.

புழுதிப்பயல்:
அப்போ பாலைவன ரேஸ்? மெக்சிகோவின் பாஹாவில் 500 நீண்ட நாள் ஓடியதாகப் படித்தேன்.

மணல்வெறியன்:
அங்கேதான் கேஎக்ஸ்500 ராஜாவாக இருந்தது, 80களின் கடைசியிலிருந்து 90களின் நடு வரை. லேரி ரோஸ்லர், டேனி ஹேமல், பால் கிராஸ் எல்லாம் அந்தக் காலத்து ஆட்கள். வறண்ட ஏரிப் படுகைகளில் மணிக்கு 100 மைலைத் தாண்டுவார்கள். ஆனால் பெட்ரோல் குடிக்கும், வழியில் பெட்ரோல் போட நிறுத்தும் ஒவ்வொரு பிட்டிலும் ஆயில் கலந்து வைக்க வேண்டும், அதிர்வில் கை மரத்துப்போகும். 1997-இலிருந்து ஜானி கேம்ப்பெல் ஹோண்டா எக்ஸ்ஆர் ஃபோர் ஸ்ட்ரோக்கில் பாஹா 1000-ஐ வரிசையாக ஜெயிக்க ஆரம்பித்தார். 2000-இல் எக்ஸ்ஆர்650ஆர் வந்தது, அதோடு சரி.

டூ ஸ்ட்ரோக்கே செத்துவிட்டது என்று மட்டும் நினைக்காதே. ஆஸ்திரியாவின் எர்ஸ்பெர்க் மாதிரி, செங்குத்தான பாறை மேடுகளில் ஏறும் ஹார்ட் எண்டூரோ ரேஸ்களில் 300 டூ ஸ்ட்ரோக் இன்றைக்கும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. செல்ஃப் ஸ்டார்ட், இன்ஜெக்ஷன் எல்லாம் உண்டு.

பழைய பாஹா வேண்டுமென்றால் ரோஸ்லர் பெயரைப் போட்டுத் தேடு. சத்தத்தைக் கூட்டி வை, வீட்டில் யாரும் தூங்காத நேரமாகப் பார்த்து.