மறு: சாலை மிதிவண்டிக் கலைச்சொற்கள் – கேடன்ஸுக்கு ‘மிதிவீதம்’

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுத்துவரும் சாலை மிதிவண்டிக் கலைச்சொல் பட்டியலில் பிரேக், கியர், செயின் ஆகியவற்றை அப்படியே விட்டுவிடலாம் என்று முடிவானதில் எனக்கு மறுப்பில்லை. அவை எல்லார் வாயிலும் புழங்குகிற சொற்கள். கேடன்ஸ் (cadence), அதாவது கால் மிதியைச் சுழற்றும் வீதம், அப்படியில்லை. ரோடு பைக்கில் புதிதாக ஏறுகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய கருத்தே இதுதான். அதைப் பழகியவர்களின் குழூஉக்குறியாக விட்டுவைக்க எனக்கு மனமில்லை. நான் முன்வைக்கும் சொல் மிதிவீதம். மிதிகட்டை ஒரு நிமிடத்தில் எத்தனை முழுச் சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு.

> மிதிவேகம் போதாதா? கேட்டதும் புரிகிறதே.

புரிகிறது, ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. வேகம் என்று காதில் விழுந்ததுமே வண்டியின் வேகம்தான் நினைவுக்கு வரும். புதியவர் தடுமாறுவதும் சரியாக இந்த இடத்தில்தான். வேகமாகப் போக வேண்டுமென்றால் கனமான கியரைப் போட்டு அழுத்தி மிதிக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார். ஒரு கணக்கைப் பாருங்கள். செயின் ஓடும் பற்சக்கரங்களில் முன்பக்கம் 50 பல், பின்பக்கம் 25 பல் என்றால் மிதி ஒரு சுற்று சுற்ற, சக்கரம் இரண்டு சுற்று சுற்றும். ரோடு பைக் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் வண்டி மணிக்கு 22, 23 கிலோமீட்டர் வேகத்தில் போகும். பின்பக்கம் 17 பல்லுக்குச் செயினை மாற்றி, அதே 90 சுற்றைக் கால் காப்பாற்றினால் வேகம் 33 கிலோமீட்டரைத் தொடும். ஏற்றம் வந்தால் இதற்கு நேர்மாறு: கியரை இளக்குகிறோம், வண்டி மெதுவாகிறது, கால் பழைய சீரிலேயே சுழல்கிறது. காலின் சுழற்சியையும் வண்டியின் வேகத்தையும் பிரித்துவைக்கத்தான் கியரே இருக்கிறது. அப்படிப் பிரிந்து நிற்கும் இரண்டையும் நாம் ஆக்கும் சொல் மறுபடி ஒட்டிவிடக் கூடாது.

கியர் மாற்ற வழியில்லாத, பந்தயத் தளத்தில் ஓட்டும் டிராக் வண்டியில் நிலைமை வேறு. 1972இல் மெக்சிகோ நகரில் பெல்ஜிய மிதிவண்டி வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தபோது அவர் வண்டியில் இருந்தது முன்னால் 52 பல், பின்னால் 14 பல் என்ற ஒரே அமைப்புதான். கணக்குப் போட்டால் நிமிடத்துக்குச் சுமார் 104 சுற்று வருகிறது. அந்த வண்டிக்கு மிதிவேகம் என்றால்கூடப் பெரிய குழப்பம் வராது, ஒன்று கூடினால் மற்றதும் கூடியே ஆக வேண்டும். நம் பட்டியலோ சாலை வண்டிக்கானது.

> மூலச்சொல் இசையிலும் புழங்குவது. மிதித்தாளம் என்றால் அழகாக இருக்குமே.

அழகுதான், எனக்கும் ஆசை வந்தது. ஆனால் நம் இசையில் தாளம் என்பது சுற்றின் அமைப்பு. ஆதி தாளத்தை மெதுவாகவும் போடலாம், விரைவாகவும் போடலாம், அட்சரம் எட்டுதான். விரைவைக் குறிக்க அங்கேயே காலப்பிரமாணம் என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. நிமிடக் கணக்கைச் சொல்லத் தாளத்தை எடுத்தால் இசை தெரிந்தவருக்கு உறுத்தும்.

உழக்கல் வீதம் என்ற ஈழத்து நண்பரின் யோசனையை எளிதில் தள்ள முடியவில்லை. மிதிப்பதைக் குறிக்கும் சைக்கிள் உழக்குதல் இலங்கையில் உயிரோடு இருக்கும் வினை. பட்டியலில் மிதித்தலுக்குப் பக்கத்திலேயே உழக்குதலும் இடம்பெற வேண்டும். இந்தத் தலைச்சொல்லுக்கு மட்டும் மிதியையே வைத்துக்கொள்வோம் என்பேன். மிதிவண்டி ஏற்கெனவே ஊன்றிவிட்ட வினைத்தொகை, அதை அறிந்தவருக்கு மிதிவீதம் தானாகவே விளங்கும்.

அதே நண்பர் எழுப்பிய இன்னொரு ஐயம் கனமானது. இலங்கை வழக்கில் வீதம் என்றால் சதவீதமும்தான். “80 வீதம்” என்று எழுதினால் நூற்றுக்கு எண்பது என்றே வாசிப்பார்கள். ஆகவே எண்ணை வீதத்தோடு ஒட்டாமல், ‘நிமிடத்துக்கு 80 சுற்று’ என்று எழுதுவதை விதியாகவே வைத்துவிடலாம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டு காலும் மாறி மாறி அழுத்துவதால், தானே எண்ணிப் பார்க்கிற புதியவர் ஒரு சுற்றை இரண்டாக எண்ணிவிடக்கூடும். சுற்று என்றால் அந்த இடறல் இல்லை. வலது முழங்கால் மேலே வருவதை மட்டும் 15 விநாடி எண்ண வேண்டும். 22 முறை வந்தால், நான்கால் பெருக்க, 88 சுற்று. கருவி எதுவும் வேண்டாம். அப்புறம், விகிதத்தை இதனோடு கலக்க வேண்டாம். பற்களின் கணக்குக்குப் பல்விகிதம் என்று தனியாக இருக்கட்டும்.

வரைவு விளக்கத்தில் “90 சுற்றே சிறந்தது” என்று ஒரு வரி இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும். ஒரே திறனில் (பவர்) ஓட்டும்போது சுற்று குறைந்தால் ஒவ்வொரு மிதிக்கும் அழுத்தம் கூடும், தொடையும் முழங்காலும் சுமக்கும். சுற்று கூடினால் சுமை மூச்சுக்கும் இதயத்துக்கும் நகரும். ஆக்சிஜன் செலவை மட்டும் பார்த்தால் குறைந்த மிதிவீதமே சிக்கனம், இருந்தும் பழகியவர்கள் பெரும்பாலும் 80 முதல் 100 வரை வைத்துக்கொள்கிறார்கள். கால் சீக்கிரம் ஓய்ந்துவிடாமல் இருப்பது அவர்களுக்கு முக்கியம். புதியவர் 60இல் தொடங்கினால் அவரைக் குறை சொல்கிற மாதிரி நம் பட்டியல் இருக்கக் கூடாது. எந்த எண் என்பதை ஓட்டுகிறவரும் பயிற்சியாளரும் பார்த்துக்கொள்ளட்டும்.

என் வரைவு இது:

மிதிவீதம்: மிதிவண்டியின் மிதிகட்டை ஒரு நிமிடத்தில் சுற்றும் முழுச் சுற்றுகளின் எண்ணிக்கை. வண்டியின் வேகத்திலிருந்து வேறானது. கியரை மாற்றி, வேகம் கூடினாலும் குறைந்தாலும் மிதிவீதத்தை ஒரே அளவில் வைத்திருக்கலாம்.

கிராங்கில், அதாவது மிதிகட்டை பூட்டியிருக்கும் சுழல்தண்டில், மாட்டும் கருவிக்கு மிதிவீத உணரி, மிதிவீதமானி என்று இரண்டு வழி தெரிகிறது. கிராங்கில் இருப்பது உணர்ந்து அனுப்புகிறது, எண்ணைக் காட்டுவது கைப்பிடியில் இருக்கும் திரை. அதனால் முன்னதற்கு உணரி என்பதே பொருந்தும் என்று நினைக்கிறேன். திரைக்கு வேகமானி என்றே விடலாமா, அல்லது எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுவதற்குப் புதுச்சொல் வேண்டுமா? கருத்துகளை எழுதுங்கள்.