குணமாவீர்கள் என்று சொன்னவர் திரும்பி வரவில்லை: ஆவியின் வரம் என்பது எது?

(மூவர் புனைபெயர்களில் எழுதிக்கொண்ட உரையாடல்)

தொற்காள்:
சென்ற ஆண்டு நவம்பரில் என் அம்மா புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் வீட்டில் படுத்திருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஜெபக்குழுவோடு வந்த சகோதரர் ஒருவர் அம்மாவின் தலையில் கைவைத்து, "அடுத்த மாதத் திருவிருந்துக்கு நீங்கள் நடந்து வருவீர்கள், இது கர்த்தருடைய வார்த்தை" என்று சொன்னார். அன்றிரவே அம்மா திருவிருந்துக்கு உடுத்தும் வெள்ளைச் சேலையை எடுத்துத் தேய்த்து அலமாரிக் கதவில் தொங்கவிடச் சொன்னார்கள். பத்தொன்பதாம் நாள் அந்தச் சேலையிலேயே அவர்களை அடக்கம் செய்தோம். பிறகு எங்கள் காதில் விழுந்தது, "வீட்டாருக்கு விசுவாசம் போதவில்லை" என்பதுதான்.

எதிர்வீட்டில் ஒரு அம்மாள் இருக்கிறார்கள். நாலு பேர் முன்னால் ஜெபிக்கச் சொன்னால் அவர்களுக்கு நா எழாது. அம்மா படுக்கையில் கிடந்த ஆறு வாரமும் தினமும் காலையில் வந்து, அழுக்கான விரிப்பை எடுத்துப்போய்த் துவைத்து, மாலையில் மடித்துக் கொண்டுவந்து வைத்தவர்கள் அவர்கள்தான். இவ்விருவரில் யாரிடம் ஆவியின் வரம், அதாவது ஊழியத்துக்கென்று பரிசுத்த ஆவியானவர் அருளும் திறன், இருந்தது என்பதே என் கேள்வி.

பெரோயா:
சகோதரி, உங்கள் துக்கத்திற்கு முன் வாதம் செய்யத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன். குணமாக்குதலும் தீர்க்கதரிசனமும் அப்போஸ்தலருடைய சாட்சியை உறுதிப்படுத்துவதற்காக அருளப்பட்ட அடையாளங்கள் என்பதை எபிரெயர் 2ஆம் அதிகாரம் காட்டுகிறது; வேத எழுத்துக்கள் நிறைவுபெற்றபின் அவற்றின் பணி முடிந்தது. பவுலின் கடைசி நாட்களிலேயே அந்த மாற்றம் தெரிகிறது. ஒருகாலத்தில் அவருடைய உறுமால்களை, அதாவது கைக்குட்டைகளை, நோயாளிகள்மேல் போட்டாலே வியாதிகள் நீங்கின. அவரே பின்னாளில் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததாகத் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்லத் துணிவார்களா? உங்கள் வீட்டில் பேசப்பட்டது வரமே அல்ல.

மேல்வீட்டறை:
ஐயா, முடிவுக்கு மிக வேகமாக வந்துவிட்டீர்கள். 1 கொரிந்தியர் 13இல் "நிறைவானது வரும்போது குறைவானது ஒழிந்துபோம்" என்ற வசனத்துக்கு இரண்டு வசனம் தள்ளியே "முகமுகமாய்ப் பார்ப்போம்" என்று பவுல் எழுதுகிறார். வேதப்புத்தகம் கையில் இருக்கும் இன்றும் நாம் ஆண்டவரை முகமுகமாய்ப் பார்த்துவிடவில்லையே. ஆகவே நிறைவு என்பது அவருடைய வருகைதான். அதுவரை வரங்களும் உண்டு.

இது 1906இல் பெந்தெகொஸ்தே இயக்கம் பரவத் தொடங்கிய லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசாத் தெருவிலிருந்து இறக்குமதியான போதனை என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1860இல், தமிழ் நற்செய்தியாளர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பனின் ஊழியத்தில், நம் திருநெல்வேலிச் சீமையில் பாவ உணர்வால் ஜனங்கள் அழுது புரண்டதும் அந்நிய பாஷைகளும் தீர்க்கதரிசனமும் உண்டானதும் பதிவாகியிருக்கின்றன. ஒருவர் தவறாகப் பேசிவிட்டார் என்பதற்காக ஊற்றையே மூடிவிட முடியாது. "ஆவியை அவித்துப்போடாதிருங்கள்" என்பதும் வசனம்தானே?

பெரோயா:
அதே பகுதியில் "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து" என்றும் இருக்கிறது, சகோதரரே. தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்பது கொரிந்து சபைக்குப் பவுல் கொடுத்த ஒழுங்கு. கைவைத்துச் சொன்ன வார்த்தை நிறைவேறிற்றா என்று மூப்பர்கள் உட்கார்ந்து விசாரித்த ஒரு சபையையாவது உங்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறீர்களா? அருளப்பன் காலத்து எழுப்புதலின், அதாவது ஆவிக்குரிய விழிப்பின், அலை திருவிதாங்கூருக்குப் போனபோது, அங்கே அதை முன்னின்று நடத்திய யுஸ்துஸ் யோசேப்பு என்பவர், ஆண்டவர் 1881இல் வருவார் என்று முன்னறிவித்தார். அந்த ஆண்டு வந்து போயிற்று. நம்பிக் காத்திருந்த குடும்பங்களின் விசுவாசத்திற்கு யார் கணக்கு ஒப்புவித்தார்கள்?

மேல்வீட்டறை:
அந்தத் தவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் என் தகப்பனார் குடியை விட்டது ஒரு உபவாசக் கூட்டத்தில், அவரை முன்பின் அறியாத ஒரு மூதாட்டி சொன்ன ஒரே வாக்கியத்தினால். முப்பது ஆண்டு ஆயிற்று, இன்றுவரை அவர் அதைத் தொடவில்லை. அதை நான் எந்தப் பெயரால் அழைப்பது? வரங்கள் ஓய்ந்துவிட்டன என்று நீங்கள் எனக்கு நிரூபித்தால், என் வீட்டில் நடந்ததை நான் மறுதலிக்க வேண்டியிருக்கும்.

தொற்காள்:
இருவரும் வரங்கள் இருக்கின்றனவா, ஓய்ந்துவிட்டனவா என்பதிலேயே நிற்கிறீர்கள். என் கேள்வி எதிர்வீட்டு அம்மாளைப் பற்றியதும்தான்.

ரோமர் 12ஆம் அதிகாரத்தின் வரப்பட்டியலில் "புத்திசொல்லுகிறவன்" என்று ஒருவன் வருகிறான். நம் வீடுகளில் புத்தி சொல்வது என்றால், தவறு செய்த பிள்ளையைப் பெரியவர்கள் நிறுத்தி வைத்துக் கண்டிப்பது. அதனால் பல ஆண்டுகளாக அந்த வரம் எனக்கு வேண்டாம் என்றே நினைத்திருந்தேன். அம்மா போனபிறகுதான், அங்கே உள்ள கிரேக்கச் சொல்லும் யோவான் சுவிசேஷத்தில் "தேற்றரவாளன்" என்று நாம் வாசிக்கும் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று அறிந்தேன். பர்னபா என்ற பெயருக்கு "ஆறுதலின் மகன்" என்று பொருள் சொல்லப்படுகிறதே, அந்த ஆறுதலும் அதே வேர்தான். அருகில் வரும்படி அழைப்பது என்பது அந்த வேரின் பொருள். ஒரே சொல்லைத் தமிழில் புத்தி என்றும் ஆறுதல் என்றும் தேற்றரவு என்றும் மூன்றாகப் பிரித்து வாசித்துப் பழகியதால், வரம் பெற்றவர் என்றால் மேடையில் நின்று பேசுகிறவர் என்று நமக்குத் தோன்றிவிட்டது.

பர்னபா செய்ததைப் பாருங்கள். எருசலேமிலே எல்லாரும், பின்னாளில் பவுல் எனப்பட்ட சவுலுக்குப் பயந்து ஒதுங்கியபோது, அவனைக் கூட்டிக்கொண்டு அப்போஸ்தலரிடம் போய், தன் பெயரைப் பணயம் வைத்து அவன் பக்கத்தில் நின்றார். பின்னாளில் மாற்கு ஊழியப் பயணத்தைப் பாதியிலே விட்டுப் போனவன் என்று பவுலே தள்ளியபோதும், பர்னபாதான் அவனைச் சேர்த்துக்கொண்டார். அவர் யாருக்கும் நாள் குறித்துக் கொடுத்ததாக நான் வாசித்ததில்லை.

பெரோயா:
இந்த வரம் ஓய்ந்தது என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை, சகோதரி, சொல்லவும் மாட்டேன். ஆனால் உங்கள் விளக்கம் என்னையும் குற்றப்படுத்துகிறது. எங்கள் சபையில் அடக்க ஆராதனையை முறைப்படி, பிழையில்லாமல் நடத்துகிறோம். கல்லறைத் தோட்டத்தின் வாசலோடு எங்கள் கடமை முடிந்துவிடுகிறது. எட்டாம் நாளில் அந்த வீட்டுக் கதவைத் தட்ட ஒருவரும் போவதில்லை. சரியான உபதேசம் இருக்கிறது என்ற நிம்மதியில் நான் அதைக் கவனிக்காமலே இருந்துவிட்டேன். வரங்களைப் பற்றிய என் கருத்து மட்டும் மாறவில்லை.

மேல்வீட்டறை:
என் கருத்தும் மாறவில்லை, ஐயா. வியாதியாய் இருப்பவருக்காகத் துணிந்து ஜெபிக்கத்தான் வேண்டும். மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கும்படி யாக்கோபு எழுதியதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் மூன்று நாளாக இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் என்னோடு வேலை செய்த ஒரு சகோதரியின் கணவர் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனையில் கிடந்தார். "இவர் எழுந்து வருவார், ஆண்டவர் எனக்குக் காட்டினார்" என்று நான் சொன்னேன். சொல்லும்போது முழுமனதோடு நம்பித்தான் சொன்னேன். அவர் இறந்த செய்தி வந்தபோது வெளியூரில் இருப்பதாகச் சொல்லி அடக்கத்திற்குப் போகவில்லை. உண்மையில் வீட்டில்தான் இருந்தேன். அந்தச் சகோதரியைப் பிறகு கடைவீதியில் கண்டால் வேறு தெருவில் திரும்பிவிடுவேன். அவருக்கு விசுவாசம் குறைவு என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் என் மனதை அப்படித்தான் ஆற்றிக்கொண்டேன். இந்த வாரம் அவர்களைப் பார்க்கப் போகலாம் என்று இருக்கிறேன். போய் என்ன சொல்வது?

தொற்காள்:
சகோதரரே, வசனம் எதையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்; அவர்கள் வாய் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. நான் சொன்னது நடக்கவில்லை என்று முதலில் உங்கள் வாயால் சொல்லுங்கள். அவர்கள் கோபப்பட்டால் கோபப்படட்டும், எழுந்து வந்துவிடாதீர்கள்.

என் அம்மா நினைவோடு இருந்த கடைசி மூன்று நாளும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால், "அந்தத் தம்பியா பாரு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் விரிப்போடு எதிர்வீட்டு அம்மாள்தான் வந்தார்கள்.